மழுங்கிய நட்டுகள்

காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது வேனின் முன்சக்கரம் ஒன்றில் காற்று இல்லை. அப்பா ஸ்டெப்னியை இறக்கிவைத்துவிட்டு நட்டில் ஸ்பேனரை மாட்டினார். வழுக்கியது. காலால் மிதித்தார். மறுபடியும் வழுக்கியது. நான்கு நட்டில் ஒன்றுகூட அசையவில்லை. ஆறு முனைகளும் மழுங்கி, ஒவ்வொன்றும் உருண்டையாக இருந்தது.

அப்பா தினமும் ஐந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய் ஏற்றிவருகிறார். பதினோரு வருடமாக அதுதான் வேலை. அன்று காலை பெற்றவர்களே கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. "மூணு மணிக்கு நான் வந்துடுவேன்" என்று ஐந்து வீட்டுக்கும் போன் செய்தார். இரண்டு வீட்டுக்கு இரண்டு முறை செய்தார்.

நான் வேலைக்கு விடுப்புச் சொன்னேன். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

எட்டரைக்கு மெக்கானிக் வந்தார். அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். குந்தி உட்கார்ந்து ஒரு நட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இத முறுக்கினீங்களா, கல்யாணம் பண்ணி வச்சீங்களா? பிரிய மாட்டேங்குதே."

"பாதி வழியில பிரிஞ்சு போற கல்யாணத்துக்கு இது தேவலடா."

"யாரு கை வச்சது? டயர் கடையில மெஷின் போட்டு முறுக்கிட்டாங்களா?"

"என் வண்டிய எவனையும் தொட விடமாட்டேன். நான்தான். தினமும் காலைல ஒரு தடவ. பிள்ளைங்க ஏறுற வண்டி இல்லையா."

ஒரு தடவை அல்ல. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டி தெரியும். ஸ்பேனரின் மேல் ஏறி மிதித்து முறுக்கியபடி நான்கு சக்கரத்தையும் சுற்றி வருவார். ஸ்பேனரை டிக்கியில் வைப்பார். கை கழுவுவார். பிறகு டிக்கியைத் திறந்து அதே ஸ்பேனரை எடுப்பார். முதலில் அதை ஜாக்கிரதை என்று நினைத்தேன். போன வாரம் ஒரு நாள் ஐந்து முறை எண்ணினேன். எண்ணியதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

மெக்கானிக் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தார். நட்டைவிடச் சிறிய சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அதன் மேல் அறைந்து ஏற்றினார். கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகி, மெதுவாக உடம்பின் எடையைக் கொடுத்தார். இரும்பு கிறீச்சிட்டது. ஒன்று கழன்றது. இரண்டாவதும் கழன்றது. மூன்றாவதில் குழாய் சட்டென்று இலகுவாகிவிட, அவர் முழங்கால் தரையில் இடித்தது. நட்டோடு பாதிப் போல்ட்டும் ஒடிந்து வந்திருந்தது.

அதை என்னிடம் நீட்டினார். ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் போல்ட் கழுத்து சிறுத்து மெலிந்திருந்தது. ஓர் அளவுக்கு மேல் இழுத்த இரும்பு பழைய நீளத்துக்குத் திரும்பாது. கல்லூரியில் இதை வரைபடமாக வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நான்காவது நட்டை உளி வைத்துப் பிளந்துதான் எடுத்தார். பிறகு மற்ற மூன்று சக்கரங்களையும் போய்ப் பார்த்தார்.

"எல்லாம் இதே கதிதான்" என்றார்.

போல்ட்டும் நட்டும் புதிதாக வாங்கிவந்து பதினாறையும் மாற்றி முடிக்க மணி இரண்டு ஆனது. கடைசியாக அளவு வைத்த ஸ்பேனரால் முறுக்கினார். இறுக்கம் போதுமான இடத்தில் அது டக்கென்று ஒரு சத்தம் போடும். அப்பா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையாட்டினார்.

"முறுக்கியாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சுண்ணே."

மெக்கானிக் கை கழுவ வந்தார். அப்பா பின்னாலேயே வந்தார். "நட்டெல்லாம் முறுக்கிட்டியா?"

"நீங்க பக்கத்துலதான நின்னீங்க? சத்தத்துக்குத் தாளம் வேற போட்டீங்க" என்று சிரித்தார்.

துண்டில் கை துடைக்கும்போது அப்பா மறுபடி கேட்டார். இந்த முறை மெக்கானிக் சிரிக்கவில்லை. அப்பா சட்டை மாற்ற உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"எத்தன நாளா இப்படி, தங்கச்சி?"

"நாலு மாசம் இருக்கும்ண்ணே."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினா வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிடுவாங்க."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவர் கோபப்படவில்லை.

"என் கையில ஒடிஞ்சுது. சரி. ரோட்டுல ஒடிஞ்சிருந்தா?" என்றார். பிறகு, "நான் வேணா சொல்லிப் பாக்கவா?"

"வேண்டாம்ண்ணே. நானே சொல்றேன்."

அவர் சாவியை அப்பாவிடம் கொடுக்காமல் என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் போனில் பேச வராது. இன்று பிள்ளைகளைக் கூட்டிவர அப்பா வரமாட்டார் என்பதைக் காகிதத்தில் எழுதிவைத்து ஐந்து வீட்டுக்கும் படித்தேன். நான்கு பேர் சரி என்றார்கள். ஐந்தாவது வீட்டு அம்மா, "நாளைக்கு வந்துடுவாரா?" என்று கேட்டார். அதற்குக் காகிதத்தில் பதில் இல்லை.

"இனிமே வரமாட்டார்க்கா" என்றேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"நான் ஒரு இடத்துல இடிச்சிருக்கேனா?"

"இல்லப்பா."

"ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"இல்லப்பா. நட்ட முறுக்கினது உங்களுக்கு மறந்துபோகுது. திரும்பத் திரும்ப முறுக்கறீங்க. போல்ட்டு ஒடிஞ்சுபோச்சு."

அப்பா ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவில்லை. நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.

திரும்பி வந்தபோது ஷூவை மாட்டி முடித்து எழுந்து நின்றார். கன்னம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"மணியாச்சு பாப்பா. சாவியக் கொடு. பிள்ளைங்க வெயில்ல நிக்கும்."

முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். முதல்முறை கேட்பவரைப் போலவே கேட்டார். முன்பு வலித்தது போலவே அவருக்கு வலித்தது. எனக்கும் ஒரு சொல்கூட முன்பைவிட எளிதாக இல்லை. தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்கு அவர் போனை எடுத்து ஒரு வீட்டை அழைத்தார்.

"கிளம்பிட்டேன்மா. வந்துட்டே இருக்கேன்."

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ. போனைக் காதில் வைத்தபடியே திரும்பி என்னைப் பார்த்தார்.