ஒரே நேரத்தில் துளிர்த்த நெல்லிகள்

வத்தல்மலைச் சாலையின் கடைசி வளைவுக்கு மேலே, ஓரத்துக் கல்லில் இரண்டு குடங்களை வைத்துவிட்டு ராமக்கா டேங்கருக்காகக் காத்திருந்தாள். கீழே வண்டி முக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். முதலில் பஸ் வந்தது. பிறகு கோழி வண்டி வந்தது. அதற்கும் பிறகு மலையைச் சுற்றிப் பார்க்க வந்த நான்கு பைக்குகள் வந்து, அவளிடமே குடிக்கத் தண்ணீர் கேட்டன. கல் சுட ஆரம்பித்ததும் குடங்களைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குத் திரும்பினாள்.

கொல்லை முழுக்க நெல்லிக் கன்றுகள். போன வருடம் வரை அது சாமை விளைந்த நிலம். மரம் வைக்கிற டிரஸ்ட் ஒன்று தர்மபுரியிலிருந்து வந்து, கன்று நாங்கள் தருகிறோம், கோடை முடியும்வரை வாரம் ஒரு டேங்கர் தண்ணீரும் விடுகிறோம், காய் உங்களுக்கு, புண்ணியம் எங்களுக்கு என்றது.

"காயி வர வரைக்கும் அந்தப் புண்ணியத்தையா ஆக்கித் திங்கறது?" என்று கேட்டான் அவள் புருஷன் தீர்த்தன்.

ராமக்காதான் சண்டை பிடித்து, ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்து, அவனைச் சம்மதிக்க வைத்தாள். டிரஸ்டை அவளுக்குத் தெரியாது. சரத்தைத் தெரியும். நல்லம்பள்ளிக்காரன், டிரஸ்டுக்காக மலையேறி வேலை பார்ப்பவன். அவள் வீட்டில் களி தின்று கை கழுவும்போது, "ஒரு கன்னு வாடுனாலும் என்னைக் கேளுங்கக்கா" என்று சொன்னவன்.

டேங்கர் வரும்போதெல்லாம் அவனும் வந்தான். பணம் தருகிற வெளியூர்க் கம்பெனிக்கு மாதாமாதம் சாட்சி போக வேண்டும். கன்றுக்கு ஒரு படம். கன்றின் தண்டில் நம்பர் அட்டை, பக்கத்தில் ராமக்கா, கையில் குடம், முகத்தில் சிரிப்பு. கடைசிக் கன்றுக்கு வருவதற்குள் அவளுக்குத் தாடை வலிக்கும்.

பங்குனி பிறந்ததிலிருந்து டேங்கர் ஏறி வரவில்லை. போன் போட்டால் சரத், "வண்டி ஷெட்ல நிக்குதுக்கா, நாளைக்கு வந்துரும்" என்பான். சித்திரையிலும் நாளைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஊற்றிலிருந்து அவள் சுமந்த தண்ணீர் ஒரு வரிசைக்குத்தான் எட்டியது. சாலையில் காத்துவிட்டுத் திரும்பிய அன்று மற்ற வரிசைகளில் ஒவ்வொரு தண்டாக நகத்தால் கீறிப் பார்த்தாள். பட்டைக்கு அடியில் பச்சை இல்லை.

"போட்டோக்காரனக் கூப்புடு. வந்து கன்னுங்களச் சிரிக்கச் சொல்லட்டும்" என்றான் தீர்த்தன். அவனும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை காய்ந்த கன்று ஒன்றை நம்பர் அட்டையோடு பிடுங்கி, கட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

டிரஸ்ட் ஆபீஸ் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. சரத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாக் கட்டங்களிலும் ஒன்றாகப் பச்சை ஏறியது.

"அக்கா. என்ன திடீர்னு? உக்காருங்க, டீ சொல்றேன்."

"டேங்கரு எந்த ஷெட்ல நிக்குது தம்பி? நானே போயிப் பாத்துக்கறேன்."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் திரைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். அவள் கொல்லை. அவள் சேலை. கட்டத்துக்குக் கட்டம் ஒருத்தி நின்று தழைத்த நெல்லிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?"

"நீங்கதான்க்கா."

"நான் எப்ப நின்னேன்?"

"நிக்கலக்கா. பழைய படத்த வச்சி அதுவே பண்ணுது. ஏஐ ஏஜென்ட்டுன்னு ஒண்ணு, சொன்ன வேலையக் கம்ப்யூட்டரே செஞ்சி முடிச்சிரும். உங்க கொல்லை, சித்திரை மாசம், செடி ஒரு சாண் வளந்திருக்கணும்னு ஒருக்கா சொன்னாப் போதும். முன்ன ஒண்ணொண்ணா வரும். இப்ப வேலையப் பிரிச்சிப் போட்டு, அத்தனை கன்னையும் ஒரே நேரத்துல எறக்கிருது." அவன் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

ராமக்கா பையிலிருந்து கன்றை எடுத்து மேசைமேல் கிடத்தினாள். கீபோர்டுக்குள் மண் உதிர்ந்தது.

"நம்பரப் பாரு. அதுல தழைச்சு நிக்கிறதும் இதுதான்."

"படத்த மட்டும் இங்க பண்ணிக்கலாம், டேங்கரு அதுபாட்டுக்குப் போவும்னுதான்க்கா சாரு சொன்னாரு."

"போவாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

சரத் மண்ணை விரலால் கூட்டினான். "பங்குனி மொத வாரத்துல."

"அப்ப ஷெட்டுன்னியே."

அவன் இன்னும் கொஞ்சம் மண்ணைக் கூட்டினான்.

உள்ளறையிலிருந்து டிரஸ்டை நடத்துகிற மாதவராஜ் வந்தார். மரியாதையான மனிதர். அவளுக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"டேங்கரு படத்துக்காகத்தானம்மா வந்துச்சு. இப்பப் படம் இங்கியே வந்துருது. சும்மா எதுக்கு மலைக்கு வண்டி ஏத்திக்கிட்டு? கம்பெனிக்காரங்களுக்கு ரொம்ப சந்தோசம். உங்க கொல்லையில ஒரு கன்னுகூடச் சாவலன்னு."

"செத்துருச்சுங்க சார்."

"ரிப்போர்ட்டுல உசுரோட இருக்குதும்மா. இப்பப் போயி செத்துருச்சுன்னா, இவ்ளோ நல்லா வளந்தத நீங்க காய விட்டீங்கன்னுதான் ஆவும்."

ராமக்கா சரத்தைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான்.

"ஒரு வரிசை இன்னும் பச்சையா இருக்குதுங்க சார்" என்றாள். "ஒரே ஒரு டேங்கரு அனுப்புங்க. சாமையும் போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்லோணும்."

"பாக்கலாம்மா. நல்ல வேளை நீங்களே வந்தீங்க. பழைய படத்த வச்சே போடப் போட உங்க முகம் வேற யாரோ மாதிரி போயிட்டிருக்குது. புதுசா ஒரு படம் எடுத்துக்கிட்டா அடுத்த வருசம் வரைக்கும் ஓட்டிரலாம்." அவர் அலமாரியைத் திறந்து, விலைச் சீட்டு உரிக்காத சிவப்புப் பிளாஸ்டிக் பூவாளி ஒன்றை எடுத்து அவளிடம் தந்தார்.

சரத் போனை உயர்த்திப் பிடித்தான். ராமக்கா வெள்ளைச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"கொஞ்சம் சாய்ச்சிப் புடிங்கக்கா."

"இதுல தண்ணி இல்ல."

"அது படத்துல வந்துரும்க்கா."

அவள் காலிப் பூவாளியை டைல்ஸ் தரையின்மேல் சாய்த்துப் பிடித்தாள். மாதவராஜ், "இன்னுங் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.