சிங்கப்பூரிலிருந்து விழிதியூருக்கு

பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் நீட்டியபடி இனியா மூன்றாவது முறையாகக் கேட்டாள். திருச்சி விமானத்தில் ஓர் இடம்கூட இல்லை, இனி ராத்திரிதான் என்று கவுண்டரிலிருந்த பெண் மறுபடியும் பொறுமையாகச் சொன்னாள்.

விழிதியூரில் விடிகாலையில் வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போன அப்பா கருப்பையன், வரப்பிலேயே சரிந்து இறந்துபோயிருந்தார். இனியா வேலை பார்க்கும் மருத்துவமனையில் இருந்தபோது அம்மாவின் போன் வந்தது. உடனே கிளம்பி வந்துவிட்டாள். அம்மாவிடமிருந்து போனைப் பெரியப்பா சிதம்பரநாதன் வாங்கிப் பேசி, உடலை நாலு மணிக்குமேல் வைத்திருக்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சொல்லுக்கு ஊரில் மறுசொல் இல்லை. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பியதற்காக அப்பாவோடு ஐந்து வருஷமாகப் பேசாமலிருந்தவர் அவர்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு நடுத்தர வயதுப் பெண் அவள் தோளைத் தொட்டாள். பெயர் ஜஸீலா, காரைக்கால்தான் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

“எந்தம்பி மவனுக்கு நாளன்னிக்குத்தான் நிக்காஹ். நான் ராத்திரி பிளைட்டுல வந்துக்குறேன். நீ போம்மா.”

கவுண்டர் பெண் மேலதிகாரியிடம் பேசி இடத்தை மாற்றிக் கொடுத்தாள். இனியா ஜஸீலாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரமாவுது என்று ஜஸீலாவேதான் கையை விடுவித்து அனுப்பினாள்.

திருச்சியில் இறங்கியபோது இந்திய நேரம் இரண்டாகக் கால் மணி இருந்தது. அங்கிருந்து காரில் நூற்றைம்பது கிலோமீட்டர். சோதனை வரிசைகளைக் கடந்து வெளியே வரவே நேரமாகி, தஞ்சாவூர் தாண்டும்போதே நாலு ஆகிவிட்டது. யாருக்கும் போன் செய்ய அவளுக்குத் தைரியம் வரவில்லை. எடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எந்த ஊருக்குப் போவது?

ஆறடிக்கச் சில நிமிஷங்கள் இருக்கும்போது கார் தெருவுக்குள் திரும்பியது. பாடை கட்டித் தயாராக இருந்தது. பந்தலில் ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். வாசலில் நின்றிருந்த பெரியப்பா கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

“நாலு மணிக்குன்னு சொன்னீங்களே பெரியப்பா?”

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கிட்ட பேசாட்டியும் ஒங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்ம்மா. ‘மெட்ராஸ் போவவே ஏழு மணி நேரம், சிங்கப்பூரு நாலேகாலுதான், எம்பொண்ணு நெனச்சா வந்துருவா’ன்னு. அவன் சொன்னத நான் பொய்யாக்கலாமா?”

பெட்டியைத் திறந்தார்கள். இனியா வாய்க்கரிசி போட்டாள். அப்பாவின் கால் விரல் இடுக்கில் வயல் சேறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. குளிப்பாட்டியும் போகவில்லை. அவள் அதைத் துடைக்கவில்லை.

மேளம் தெருமுனை தாண்டி மெலிந்தது. வீட்டைக் கழுவிவிட்டு அம்மா உமாமகேஸ்வரியும் அவளும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அடுத்தடுத்து பக்கத்து வீடுகளிலிருந்தும் கேட்டது.

“காலையிலேருந்து தெருவுல யாரும் ஒல வைக்கல,” என்றாள் அம்மா. “சின்னப் புள்ளைவொகூட பன்னும் டீயுந்தான்.”

கொல்லைப் பக்கமிருந்து யாரோ ஒரு தூக்குச் சட்டியில் ரசஞ்சோறு கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது. இனியா முதல் கவளத்தைப் பிசைந்து அம்மாவிடம் நீட்டினாள்.