அம்மாள் கேட்ட திறப்பு

முப்பத்து நான்கு வயதுப் பொறியியலாளர் ஒருத்திக்குக் கொப்புளிப்பான் வந்தால் சிட்னியில் எந்த வைத்தியரும் அதற்குச் சிக்கன்பொக்ஸ் என்ற ஒரு பெயர்தான் சொல்வார். ராகவியின் தாய் சத்தியபாமா அந்தப் பெயரை வீட்டுக்குள் எடுக்கவே விடவில்லை. மகளின் கழுத்தில் மூன்று கொப்புளங்களைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மாள் வந்திருக்கிறா" என்று அறிவித்துவிட்டார். அன்றோடு வீட்டில் தாளிதம் நின்றது, மீன் நின்றது, இரத்தினசிங்கத்தின் நிம்மதியும் நின்றது.

இரத்தினசிங்கம் ராகவியின் தகப்பன், வயது எழுபத்து நான்கு. ஃப்ளாட்டில் தனியே இருந்த மகளைத் தன் கரோலாவில் ஏற்றி வந்தவர் அவர்தான். வரும் வழியில் ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்தார். அதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம். யாரோ ஒருவர் பூந்தொட்டியில் பொத்திப் பொத்தி வளர்த்த வேம்பைக் கெஞ்சிக் கூத்தாடி மொட்டையடித்து, இலை கொண்டுவந்தவரும் அவர்தான்.

அம்மாள் வந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. படுத்திருப்பது பிள்ளை அல்ல, அம்மாள். ஏசக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாது. சொன்னால் அம்மாளுக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் பிள்ளையின் உடம்பில்தான் இறங்கும்.

முதல் நாள் அம்மாள் வெனிலா ஐஸ்கிரீம் கேட்டார். குளிர்ச்சிதானே என்று வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள், சத்தம் தலையை இடிக்கிறது, கிரிக்கெட்டை நிறுத்துங்கோ என்றார். இன்னும் இரண்டு விக்கெட் விழ வேண்டியிருந்தது. இரத்தினசிங்கம் டிவியை நிறுத்திவிட்டு வீட்டு வளவை ஏழு தரம் சுற்றி வந்தார். மூன்றாம் நாள்தான் வினை வந்தது.

"அப்பா, கார்த் திறப்பைத் தாங்கோ."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"இனி நீங்கள் கார் ஓடவேண்டாம்."

இது இரண்டு வருடச் சண்டை. மேய்ஸ் ஹில் கோயிலில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது தூணில் இடித்த நாளில் தொடங்கியது. தூண்தான் வந்து இடித்தது என்பது இரத்தினசிங்கத்தின் வாக்குமூலம். இப்போது அவர் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இது அம்மாள் கேக்கிறாவோ, நீ கேக்கிறியோ?"

"இஞ்சேருங்கோ, அப்பிடிக் கேள்வி கேக்கக் கூடாது. குடுங்கோ" என்றார் சத்தியபாமா.

மனிதர் நேரே போய் மேசை லாச்சியைக் கிளறி, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் விற்ற பழைய வான் வண்டியின் மிஞ்சிக் கிடந்த திறப்பை எடுத்து வந்து மகளின் கையில் வைத்தார். ராகவி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணயர்ந்தாள். அவர் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியே நின்று சிரித்தார். அம்மாளையே ஏமாற்றிப் பேய்க்காட்டியவர் உலகத்தில் எத்தனை பேர்?

அடுத்த நாள் மத்தியானம் காய்ச்சல் நாற்பதைத் தொட்டது. இருமல் வந்தது, மூச்சு இழுத்தது. வளர்ந்தவர்களுக்கு வந்தால் நெஞ்சுக்குள்ளும் போகலாம் என்று வைத்தியர் முதலிலேயே எச்சரித்திருந்தார். ராகவி கண்ணை மூடியபடி பிதற்றத் தொடங்கினாள்.

"அப்பா, பிரேக்கைப் பிடியுங்கோ... சின்னப் பிள்ளையள் கடக்குதுகள்... அப்பா, பிடியுங்கோ."

இரத்தினசிங்கம் ஓடிப்போய் உண்மைத் திறப்பை எடுத்து வந்து கட்டிலடியில் முழங்காலில் விழுந்தார். "தாயே, நேற்றுத் தந்தது வித்த வானின்ர திறப்பு. பிழை என்ரது. என்ர பிள்ளையை விடு." திறப்பைத் தலையணைக்குக் கீழே செருகினார். சத்தியபாமா பார்த்த பார்வையில், இதற்குப் பின்னர் ஒரு விசாரணை இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

வைத்தியருக்குப் போன் போட்டார்கள். உடனே ஆஸ்பத்திரி என்றார் அவர்.

"காரை எடுங்கோ."

"திறப்பு அம்மாளிட்டக் குடுத்தாச்சு."

"திருப்பி வாங்குங்கோ."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? ஒருக்கா ஏமாத்தினதே காணும்."

பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது, இரண்டு பேரும் நின்று சாத்திரம் பேசினார்கள். கட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"கால் த அம்புலன்ஸ், ப்ளீஸ்."

நாலு நாள் ஆஸ்பத்திரி. நரம்பில் மருந்து, மூக்கில் குழாய். இரத்தினசிங்கம் குண்டு விழுந்த ஊரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். அங்கேகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டு, மகள் ஐஸ்கிரீம் கேட்டபோது, ஆஸ்பத்திரி நடையில் நின்று விம்மி விம்மி அழுதார்.

கொப்புளங்கள் காய்ந்தன. வீட்டில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் வார்த்து அம்மாளை வழியனுப்பினார்கள். குசினியில் கடுகு வெடித்தது. அதுவரை யாரும் தொட அஞ்சிய கட்டிலில் விரிப்பு மாற்றப்போன ராகவி இரண்டு திறப்புகளோடு வந்தாள்.

"அப்பா, இதென்ன என்ர தலையணைக்குக் கீழ?"

"நினைவில்லையோ?"

"கிரிக்கெட்டை நிப்பாட்டச் சொன்னது நினைவு. அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில கண் முழிச்சதுதான்."

அம்மாள் போய்விட்டார். கேட்டவளுக்கு நினைவில்லை. ஒரே சாட்சி குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். இரத்தினசிங்கத்தின் கை தானாகவே திறப்பை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. தன் உடம்பு நெருப்பாய்க் கொதித்தபோதும் இவள் என் காருக்குள்தானே பயந்துகொண்டு இருந்தாள் என்று நினைத்தார்.

"வான் திறப்பை எறி. மற்றதை நீ வைச்சிரு."

"ஏனப்பா?"

"நீ கேட்டனீ."

"நான் ரெண்டு வருசமாக் கேக்கிறன்."

"ஓம். நான்தான் அம்மாள் வந்து கேக்குமட்டும் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

சனிக்கிழமை நேர்த்திக்கடன் தீர்க்க மேய்ஸ் ஹில்லுக்குப் போனார்கள். ராகவி ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் இரத்தினசிங்கம் ஒவ்வொரு சிக்னலிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் இருந்த சத்தியபாமா விசாரணையை இன்னும் முடிக்கவில்லை. கோயில் வளவுக்குள் கார் திரும்பியதும் அவர் முன்னுக்குச் சாய்ந்து மகளின் தோளைத் தொட்டார்.

"அந்தத் தூணைக் கவனம் பிள்ளை. அது தானா வந்து இடிக்கும்."