லூ பான் வாசலில் ஒரு ஸ்டூல்

பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியுமா? ஹாங்சோவில் கணக்கு வாத்தியாராக இருந்த ஷாவ்கே, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, காதலி மெங்யுன்னுக்கும் தெரியாமல் அவள் அப்பாவுக்காக ஒரு ஸ்டூல் செய்தான். அவர் ஏதோ தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது.

தொங்யாங் ஊரில் அவள் வீட்டுக் கதவைப் பார்த்ததுமே வாசலிலேயே நின்றுவிட்டான். கதவு முழுக்க மரத்தில் செதுக்கிய தாமரைக் குளம். மரத்தவளை ஒன்று இதோ குதித்துவிடும் போல உட்கார்ந்திருந்தது.

"யார் செஞ்சது?"

"அப்பாதான். மரச்சிற்ப ஃபேக்டரியில தலைமை ஆசாரி. சொன்னேனே?"

"வெறும் ஃபேக்டரின்னுதானே சொன்ன!"

ஸ்டூல் இருந்த பையை ஒளித்துவைக்கப் பார்த்தான். அதற்குள் மெங்யுன்னின் அம்மா, "என்ன தம்பி, கோழியா?" என்று பிடுங்கிப் பிரித்துவிட்டாள். தரையில் வைத்த ஸ்டூல் டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயோ, லூ பான் வாசல்லயே கோடாலி வீசிட்டானே!" அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்தக் கதை ஷாவ்கேவுக்குத் தெரியாதா என்ன? முன்னொரு காலத்தில் ஒரு தச்சன், பெரிய வீடொன்றின் முன் நின்று கோடரியைச் சுழற்றி, தன்னைப் போல் கைதேர்ந்தவன் இல்லை என்று ஜம்பமடித்தானாம். பின்னால் இருக்கும் கதவைத் திரும்பிப் பார் என்றார்களாம். அது ஆசாரிகளுக்கெல்லாம் ஆசானான லூ பானின் வீடு. கதவும் அவர் கைவேலை. பார்த்தவன் கோடரியைத் தாழ்த்திக்கொண்டு நடையைக் கட்டினான். வல்லவர் முன்னால் வித்தை காட்டுகிறவனை அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறார்கள். பள்ளிப் பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் ஷாவ்கே.

மெங்யுன்னின் அப்பா தெங் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலைக் கவிழ்த்து, கால் மூட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"பசை எவ்வளவு ஊத்தின?"

"ஒரு டப்பா, மாமா."

"அப்ப பசைக்குத்தான் நாலு கால் வெச்சிருக்க."

நிமிர்த்தி வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். அவரும் சேர்ந்து சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"இந்த வீட்டுல உக்கார்ற சாமான் எல்லாமே நான் செஞ்சது. இந்த ஊர்ல எனக்கு டீத்தூள் குடுப்பான், சாராயம் குடுப்பான். மரத்துல ஒண்ணு செஞ்சு தர எவனுக்கும் துணிச்சல் வரல. அந்த லூ பான் கதைய அத்தன பேரும் படிச்சிருக்கானுங்க."

"கால மட்டும் சரி பண்ணிடறேன், மாமா..."

"தொட்ட, கைய ஒடிப்பேன்."

சாப்பாட்டு மேசைக்கும் அதைத் தானே தூக்கிக்கொண்டு போனார். பன்றிக்கறிக்கு எட்டினால் டக், மதுக் குப்பிக்கு எட்டினால் டக். அம்மா முறைத்தாள், அவர் கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம் மது உள்ளே போனதும் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருய்யா! என் மாப்ள செஞ்சது!"

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் ஷாவ்கேவுக்குப் புரையேறியது. மெங்யுன் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.