பட்டி பார்த்த இடம்

செருப்பு கட்டிலுக்கு அடியில் சுவரோரமாய்க் கிடந்தது. பெயிண்டர் குனிந்து துழாவினார். எட்டவில்லை. கட்டிலையே இழுத்தார்.

"விடுப்பா. அம்மாவுக்கு இனி எதுக்குச் செருப்பு?" மகள் போர்வையை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் உடலைக் காலையிலேயே வார்டிலிருந்து கீழே கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வரவேண்டும்.

"அவ பொருள் இங்க எதுக்குக் கிடக்கணும்? கண்டவன் மாட்டிக்கிட்டுப் போவான்."

யாரையும் நம்பாத மனுஷன். முப்பத்திநாலு வருஷம் நகராட்சியில் அவருக்கு ஒரே வேலை, பொதுச்சுவரில் ஜனங்கள் கிறுக்கியதை அழிப்பது. பேருந்து நிலையம், பாலத்தடி, கழிப்பறை. அம்பு குத்திய இதயம், கெட்ட வார்த்தை, தேதி. ஒருவன் இவரையே திட்டி எழுதியிருந்தான். எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துவிட்டுத்தான் வெள்ளை அடித்தார்.

அப்பேர்ப்பட்டவரின் பெண்டாட்டி ஆஸ்பத்திரிச் சுவரில் கீறினால் எப்படி இருக்கும்? போன வாரம் பார்த்தார். தலையணைக்குப் பக்கத்தில் ஏழெட்டுக் கோடுகள். கொண்டை ஊசி வேலை.

"என்னடி இது?"

"நீங்க வந்துட்டுப் போனா ஒரு கோடு. மத்தவங்களுக்குக் கிடையாது."

"ஊரான் கிறுக்குனத வழிச்சது போதாதா? எனக்குன்னு வீட்டுல ஒருத்தியா?"

"ஆமா, சுவருன்னா உருகுவீங்க. கட்டினவளுக்கு..." சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

வியாழக்கிழமை சுவர்க் கீறலை அடைக்கும் பட்டியும் கரண்டியும் பச்சைப் பெயிண்டும் கொண்டுவந்தார். தூசிக்கு அவள் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கோடுகளை நிரப்பித் தேய்த்து, மெத்தைக்குக் கீழே வரைக்கும் பச்சை அடித்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் மூடிய கண்ணை அப்புறம் திறக்கவில்லை. வெள்ளியும் சனியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நினைவே இல்லைங்க ஐயா. நீங்க வந்தாலும் தெரியாது, வராட்டியும் தெரியாது. போய்ப் படுங்க" என்றாள் நர்ஸ்.

தராசு பிடிக்கிறவனை நம்பமாட்டார், மருந்துக்கடைக்காரனை நம்பமாட்டார். அதை நம்பினார். ஞாயிறு வரவில்லை. திங்களும் வரவில்லை. இன்று விடிந்ததும் போன் வந்தது.

கட்டில் நகர்ந்தது. மெத்தை மறைத்திருந்த இடத்தில், அவர் பூசிய புதுப் பச்சையின் மேல், இரண்டு கோடுகள்.

கோணல்மாணல். விரல் நீளம்கூட இல்லை. தொட்டால் வெள்ளைத் தூள் ஒட்டியது. வெள்ளிக்கு ஒன்று. சனிக்கு ஒன்று.

அதற்குக் கீழே ஒரு புள்ளி. ஊசியை வைத்து அழுத்தி, திருகித் திருகி அந்த இடமே குழிந்துபோயிருந்தது. கோடாக இழுக்கவில்லை.

"என்னப்பா பாக்குற?"

"ஒண்ணுமில்ல. செருப்ப எடு."

வார்டு ஊழியன் பெயிண்ட் டப்பாவோடு வந்தான். "கொஞ்சம் தள்ளுங்க பெரியவரே. நாலு மணிக்கு அடுத்த ஆள் வருது. கட்டில் காலியானா சுவத்துக்கு ஒரு பூச்சு, இங்க அப்படித்தான்."

பெயிண்டர் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். நன்றாகக் காய்ந்திருந்தது.

"ஈரம்" என்றார்.

"ஈரமா?"

"உள்ளுக்குள்ள ஊறியிருக்கு. இப்ப அடிச்சா நாளைக்கே உரிஞ்சு வரும். அப்புறம் உன்னத்தான் கேப்பாங்க."

"பாத்தா அப்படித் தெரியலையே?"

"பாத்தா தெரியாது. முப்பத்திநாலு வருஷம் சுவத்தோட குடும்பம் நடத்துனவன் சொல்றேன், விட்டு வை."

"எத்தன நாளைக்கு?"

கீழே வண்டி ஹாரன் அடித்தது. மகள் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஊழியன் முணுமுணுத்தபடி டப்பாவை மூடினான்.

பெயிண்டர் கட்டிலைத் திரும்பத் தள்ளினார், மெதுவாக, இரும்புச் சட்டம் சுவரில் உரசாதபடி ஒரு விரல் இடம் விட்டு.