பதினேழு குறைகள்

மானுடத்தின் அறிவெல்லாம் ஆறுகளாக ஓடிவந்து ஓரிடத்தில் கலக்குமென்றால், அந்த இடம் மதுரை ரிங்ரோட்டைத் தாண்டி, எங்கள் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது கட்டடத்தில், முதல் மாடியாகத்தான் இருக்க முடியும். ‘அறிவுப் பெருங்கடல்’ என்ற பல்துறை ஆய்விதழின் முதல் தலையங்கம் இப்படித்தான் தொடங்கியது. எழுதியவர் அதன் முதன்மை ஆசிரியர், பொருளாதாரப் பேராசிரியர் முனைவர் சந்தானம். முதல் மாடிக்கு அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் ஏறவில்லை.

முதல் இதழ் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வாழ்த்துரை மட்டும் நாற்பத்தெட்டு. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம், படத்தோடு. விடுதிக் காப்பாளரை விட்டால் வருத்தப்படுவார் என்று அவருக்கும் ஒன்று. கட்டுரைகள் மூன்று. வெளியீட்டு விழா மேடையில் உட்கார்ந்தவர்கள் பதினெட்டுப் பேர் என்பதால், கீழே கூட்டம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது.

விழா முடிந்து டீ குடிக்கும்போதுதான் துணைவேந்தர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“சந்தானம் சார், மொத இதழ் யார் வேணா போட்றலாம். ரெண்டாவது வருதான்னு பாப்போம். மே மாசத்துக்குள்ள கொண்டாந்துட்டீங்கன்னா, நீங்க ரிட்டையர் ஆனப்புறமும் நீங்கதான் ஆசிரியர். இதழுக்குன்னு குடுத்த அந்த ரூமும் உங்களுக்கே.”

மே முப்பத்தொன்றாம் தேதி சந்தானத்துக்குப் பணி நிறைவு. அந்த அறையில் ஒரு சுழல் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், கதவில் பெயர்ப்பலகை மாட்ட இரண்டு ஆணி. பழங்காநத்தத்து வீட்டில் அவர் மனைவி பத்மாசினியோ ஜூன் முதல் தேதியிலிருந்து அவருக்கான வேலைகளைப் பட்டியல் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். ரேஷன் கடை, மாடித் தொட்டி கழுவுதல், பரணை ஒழித்தல். சௌராஷ்டிர மொழியில் எழுதிய பட்டியல் என்றாலும் அதன் கடுமை எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். சந்தானத்துக்கு அந்த அறை வேண்டும். உயிரே அதில்தான் இருந்தது.

முதல் இதழ் வந்த கையோடு, இனி வரும் இதழ்களுக்கான விதிமுறைகளை அவரேதான் வகுத்திருந்தார். இருபத்திரண்டு பக்கம். ஐந்து கட்டுரைக்குக் குறைந்தால் இதழ் வரக் கூடாது. கட்டுரையில் எழுதியவர் பெயரை நீக்கி, எண் மட்டும் போட்டு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த எண் யாருடையது என்பது அலுவலக உதவியாளர் நாகஜோதிக்கு மட்டுமே தெரியும். ‘முதன்மை ஆசிரியரே கேட்டாலும் சொல்லக் கூடாது’ என்று பதினோராம் பக்கத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார். நாகஜோதி அதைப் படித்திருந்தார். இருபத்திரண்டு பக்கத்தையும் படித்த ஒரே ஆள் அவர்தான்.

இரண்டாம் இதழுக்கு ஆறு கட்டுரைகள் வந்தன. ஒன்று சந்தானத்தினுடையது. அதாவது, அவரிடம் ஆய்வு செய்யும் பாண்டிமீனா எழுதியது. நெறியாளர் பெயரை முதலில் போடுவது துறை வழக்கம். “என் பேரப் போட்டுட்டியாம்மா? அப்ப அனுப்பிரு” என்று போனில் சொன்னதுதான் அதில் அவர் பங்கு. ஆக, ஆறில் தம்முடையது பத்திரம் என்று நிம்மதியாக இருந்தார்.

நிம்மதியைக் கெடுத்தவர் இயற்பியல் துறைத்தலைவர் ஹரிஷ்குமார். கேன்டீனில் வைத்துக் கேட்டார்.

“என்ன மாப்ள, ஷேர் ஆட்டோக்காரன்கூட எடமில்லன்னு ஒரு ஆள விட்டுட்டுப் போறான். ஒன் கடல்ல யாரையுமே வேணாம்னு சொன்னதில்லயாமே?”

சந்தானத்துக்குச் சுருக்கென்றது. எதையும் நிராகரிக்காத இதழ் ஒரு இதழா? ஒன்றையாவது தள்ள வேண்டும். ஆறில் ஒன்று போனாலும் ஐந்து இருக்கிறது. அந்த நேரம் பார்த்து நாகஜோதி ஆறாம் எண் கட்டுரையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பொருளாதாரத்துக்கு மதிப்பீட்டாளர் பட்டியலில் இரண்டே பெயர். ஒருவர் மகன் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். மற்றவர் சந்தானம்.

கட்டுரை, மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாடகை டிராக்டர்கள் பற்றியது. சந்தானம் சிவப்புப் பேனாவைத் திறந்தார். இரண்டு மத்தியானம் உட்கார்ந்து பதினேழு குறைகள் கண்டுபிடித்தார்.

‘குறை 5: டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுவதாகச் சொல்லப்படுகிறது. கூண்டு எதற்கு? டிராக்டர் என்ன கிளியா?’

இந்த வரி அவருக்கே மிகவும் பிடித்துப்போய் பத்மாசினியிடம் வாசித்துக் காட்டினார். பத்மாசினி சிரிக்கவில்லை. கடைசிக் குறைதான் அவர் எழுத்தின் உச்சம்.

‘குறை 17: மொத்தத்தில், கட்டுரையாளர் இக்கட்டுரையைத் தாமே ஒருமுறையாவது படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நிராகரிக்கலாம்.’

நான்கு நாள் கழித்து நாகஜோதி ஒரு உறையைக் கொண்டுவந்து நீட்டினார்.

“என்னம்மா இது?”

“தபால் சார். ஆறாம் நம்பர் கட்டுரைக்காரருக்கு.”

“அத எதுக்கு எங்கிட்ட குடுக்குற?”

நாகஜோதி உறையின் முகவரியைப் பார்த்தார். சந்தானமும் பார்த்தார். பிரித்தார். ‘மதிப்பிற்குரிய முனைவர் சந்தானம் அவர்களுக்கு, தங்கள் கட்டுரையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ கீழே முதன்மை ஆசிரியரின் கையெழுத்து. திங்கட்கிழமை ஒரு கட்டுக் கடிதத்தோடு சேர்த்து அவர் போட்டது.

வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்தி ஓய்ந்தது.

“ஒனக்குத் தெரியுமில்ல? எங்கிட்டயே அதக் கொண்டாந்து வைக்கயில ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் கோடு போட்டிருக்கீங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுவுமில்லாம, சாரு எழுதுனதுதான, பாத்த ஒடனே தெரிஞ்சிரும்னு நெனச்சேன்.”

“சரி, விடு. மிச்சம் அஞ்சு இருக்குல்ல?”

“நாலு சார். ஹரிஷ்குமார் சாரு நேத்து ஒண்ணத் தள்ளிட்டாரு. தரம் வேணுமாம்.”

மே பதினாலு. பத்தொன்பதாம் பக்கத்து விதி ஒன்றுதான் காப்பாற்ற முடியும்: குறைகளுக்குக் கட்டுரையாளர் எழுத்தில் பதில் தந்தால், மதிப்பீட்டாளர் மறுபரிசீலனை செய்யலாம். மறுபரிசீலனைக்கு ஆள் தயார். பதில் சொல்லத்தான் ஆள் வேண்டும். சந்தானம் குறைகளின் நகலைப் பாண்டிமீனாவுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் வரச் சொன்னார்.

அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள் பாண்டிமீனா. கையில் தாள்கள், முகத்தில் கோபம்.

“யாரு சார் அந்த ஆளு?”

“அது ரகசியம்மா. சொல்லக் கூடாது.”

“எங்கப்பாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன் சார். கிளியான்னு கேட்டிருக்கான்ல, அதுக்கு அம்புட்டு சிரிப்பு சிரிச்சாரு.”

“கேட்டிருக்காருன்னு சொல்லும்மா.”

“சேத்து வயல்ல சாதா டயரு பொதஞ்சு போகும் சார். அதுக்குத்தான் இரும்புச் சக்கரம் மாட்டுறது. எங்கூர்ல சின்னப்புள்ளைக்கித் தெரியும். இவருக்கு யாரு சார் டாக்டர் பட்டம் குடுத்தது?”

சந்தானம் ஃபிளாஸ்கைத் திறந்து, அதில் ஒன்றுமில்லை என்று பார்த்து, மூடினார். பாண்டிமீனாவின் அப்பா கண்ணுச்சாமி பதினைந்து வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவர்.

“அப்பா வேற என்ன சொன்னாரு?”

“‘நடவு சமயத்துல அந்த மனுசன ஒரு நா கூட்டிட்டு வா தாயி, வண்டியில ஏத்தி வயலுக்குள்ள எறக்கி விடுறேன்’னாரு.”

அன்று மத்தியானமே பதில்களை எழுதி முடித்தாள். அவள் எழுத எழுத, சந்தானம் எதிரில் உட்கார்ந்து கட்டுரையைப் படித்தார். இந்த முறை சிவப்புப் பேனா இல்லாமல். அறுபது டிராக்டர்காரர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்திருந்தாள். உழவு நேரத்தில் யார் வயலுக்கு முதலில் வண்டி போகிறது, யார் வயல் கடைசிவரை காத்துக் கிடக்கிறது என்று தெருவாரியாகக் கணக்கெடுத்திருந்தாள். காத்துக் கிடந்த வயல்களில் அவள் தெருவினுடையதும் உண்டு. நல்ல கட்டுரை. முப்பது வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டவற்றிலேயே நல்ல கட்டுரை.

“பதினாறு முடிஞ்சிருச்சு சார். எல்லாம் அந்தாளோட தப்பு. இந்தப் பதினேழாவதுக்கு மட்டும் என்ன எழுதட்டும்? ‘தாமே படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை’ன்னு போட்டிருக்கு. நான் பத்து தடவ படிச்சிருக்கேன்.”

சந்தானம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒத்துக்கிறோம்னு எழுதிரு.”

பாண்டிமீனா அவரைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். பேனாவை மூடினாள். அதற்குப் பிறகு அந்த ஆள் யாரென்று அவள் கேட்கவில்லை.

மதிப்பீட்டாளர் மூன்று நிமிடத்தில் மறுபரிசீலனை செய்து, பதில்கள் முழு நிறைவளிப்பதாக எழுதிக் கொடுத்தார். பாண்டிமீனாவின் பெயரை முதலில் போடுவது என்று அன்று மாலையே முடிவும் செய்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பத்மாசினியிடம் சொன்னார். “நல்லது” என்று சொன்ன பத்மாசினி, பரண் ஏணியைத் துடைத்து வைத்தார்.

மறுநாள் காலையில் அச்சுக்குப் போகும் தாள்களோடு நாகஜோதி வந்தபோது, கதவில் ஒரு ஆள் பெயர்ப்பலகையை அளந்துகொண்டிருந்தான். ‘முனைவர் சந்தானம், முதன்மை ஆசிரியர்’.

“பேர் வரிசை அப்பிடியே இருக்கட்டுமா சார்?”

“சாயங்காலம் சொல்றேன்மா” என்றார் சந்தானம். தாள்கள் பதினொரு மணிக்கே அச்சகத்துக்குப் போயின.

‘அறிவுப் பெருங்கடல்’ இரண்டாம் இதழ் மே முப்பதாம் தேதி வெளிவந்தது. ஐந்து கட்டுரை, ஐம்பத்திரண்டு வாழ்த்துரை. டிராக்டர் கட்டுரையில் முதல் பெயர் சந்தானம்.