எனக்கும் அதேதானுங்க

இளவேனிலுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும்; ஒரு வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். அவளுக்கு வந்தது ஆர்வம். ஒரு மனிதருக்கு இத்தனை விஷயங்கள் பிடித்துத் தொலையுமா என்று தலையைக் குடைகிற ஆர்வம்.

பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து திருமூர்த்தி தினமும் போன் செய்கிறான். பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தமாக கிரில் பட்டறை வைத்திருக்கிறான். வீட்டு வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி, ஜன்னல் கம்பி எல்லாம் செய்வான். குரலில் வெல்லம் கரைந்த பணிவு. பிடித்த பாட்டு எது என்று கேட்டால், "உங்களுக்கு எதுங்க?" என்பான். அவள் சொன்னதும், "எனக்கும் அதேதானுங்க" என்பான். நிறம், சாப்பாடு, புத்தகம் என எதைக் கேட்டாலும் இதே பதில்தான்.

சரவணம்பட்டி அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் இளவேனிலின் வேலை. இவனிடம் ஒரு தப்பும் அகப்படவில்லை. அதுதான் பெரிய தப்பாகத் தெரிந்தது.

"உனக்கு என்னடீ குறை?" என்றாள் பக்கத்து இருக்கை ரம்ஷா. "நான் தோசைன்னா எங்க ஊட்டுக்காரரு பரோட்டாம்பாரு. நான் ஜன்னலைத் திறந்தா அவரு மூடுவாரு. நீ கொடுத்து வெச்சவ."

"அவரு யாருன்னே தெரியலையே ரம்ஷா. கல்யாணத்துக்கப்புறம் அந்த ஊட்டுக்குள்ள நான் மட்டும் ரெண்டு ஆளா இருக்கற மாதிரி இருக்கும்."

"அப்ப கோணலா ஏதாச்சும் சொல்லிப் பாரு."

அன்றைக்கு அலுவலகத்தில் இருக்கும்போதே போன் வர, ஸ்பீக்கரில் போட்டு இளவேனில் சொல்லிப் பார்த்தாள். தயிர் சாதத்தில் பலாச்சுளையை நறுக்கிப் போட்டுச் சாப்பிடுவது என்றால் தனக்கு உயிர் என்றாள்.

"எனக்கும் புடிக்குங்க. எங்கூட்டுல அடிக்கடி செய்வாங்க."

ரம்ஷா மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். இளவேனிலும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு மிஞ்சவில்லை.

வீட்டில் அப்பா கதிரேசன் காத்திருந்தார். இந்த வரனைக் கொண்டுவந்த வெள்ளகோவில் மாமா, நாளைச் சாயங்காலத்துக்குள் பதில் கேட்கிறாராம். சரி என்றால் வெள்ளிக்கிழமை பூ வைக்க வந்துவிடுவார்கள்.

"மாமனுக்காகப் பார்க்காத கண்ணு. புடிக்கலைன்னா சொல்லிப்போடு. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"புடிச்சிருக்கா இல்லையான்னு தெரியலைங்கப்பா. அவரைப் பார்த்தாத்தானே தெரியும்?"

"அதான் பார்த்தியே?"

"சட்டையத்தான் பார்த்தேன்."

அப்பாவுக்குப் புரியவில்லை. இருந்தாலும், நேரில் ஒருமுறை பேசிவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னபோது தடுக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் காளான் வண்டிக்கு அவனை வரச் சொன்னாள். நகரம் முழுக்க மூலைக்கு மூலை நிற்கும் வண்டிகளில் ஒன்று அது. பெரிய தோசைக்கல்லில் முட்டைகோஸும் காளானும் மசாலாவில் கொதித்துக்கொண்டிருந்தன. திருமூர்த்தி வெளிர்நீலச் சட்டையில் வந்து இறங்கினான். பெண் பார்க்க வந்தபோதும் வெளிர்நீலம்தான்.

"எனக்கு ரொம்பப் புடிச்ச கடைங்க" என்று தட்டை நீட்டினாள்.

"எனக்கும் காளான்னா..." என்று ஆரம்பித்தவன் ஒரு வாய் வைத்தான். தொண்டை ஒருமுறை மேலேறி இறங்கியது. கண்ணில் நீர் தளும்பியது. தட்டைக் காலி செய்துவிட்டு, "அருமைங்க" என்றான். வண்டிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, உபசாரமாக இன்னொரு கரண்டி அவன் தட்டில் அள்ளிப் போட்டார். மறுப்புச் சொல்லத் தெரியாமல் அதையும் தின்றான். இளவேனிலுக்குப் பாவமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டாள். சாலை முனைவரை நடக்கலாம், அங்கே வைத்துச் சொல்லலாம்.

நடந்துகொண்டிருந்தவன் சட்டென்று நின்றான்.

புது வீடு ஒன்று. வாசலில் ஆளுயர இரும்பு கேட். அதன் நடுவில் தாமரை மேல் நிற்கும் அன்னம். கழுத்து கோணிக்கொண்டு, வயிறு உப்பி, வாய் பிளந்து, யாரிடமோ சண்டைக்குப் போகிற வாத்து மாதிரி இருந்தது.

"கேவலமா இருக்குதுங்க" என்றான் திருமூர்த்தி.

இளவேனில் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.

"என்னங்க கேவலம்?"

"கழுத்தப் பாருங்க. வளைவு ஒரே இழுப்புல வரணும். இவன் நாலு துண்டா வெட்டி ஒட்டியிருக்கான். கால் ரெண்டும் ஒரே பக்கம் இருக்குது. அன்னம் நிக்குமா, உழுகுமா? இதுக்குத் தங்கக் கலர் பெயிண்ட் வேற. எனக்கு இந்தத் தங்கக் கலரே ஆகாதுங்க. கேட்டுன்னா கறுப்புத்தான் அடிக்கோணும். வெய்யில் சாயும்போது நெழல் தரையில உழுகும் பாருங்க, அதுதான் டிசைனே. எங்க பட்டறையில நான் நெழலப் பார்த்துத்தான் வளைப்பேன்." அவன் கை காற்றில் ஒரு கழுத்தை வளைத்துக் காட்டியது. முகமே வேறாக இருந்தது. பிறகு அவள் பார்ப்பதை உணர்ந்து கையை இறக்கினான். "மன்னிச்சுக்குங்க. ஏதோ உளறிப்போட்டேன்."

"உளறுங்க. இன்னும் என்னெல்லாம் உங்களுக்கு ஆகாது?"

அவளே எடுத்துக்கொடுத்தாள்.

"காளான் ஆகாது. தெரிஞ்சுபோச்சு. அப்புறம்?"

"உங்களுக்குப் புடிச்ச கர்நாடக சங்கீதம்" என்றான், குற்றவாளி மாதிரி. "தெனமும் பட்டறையில போட்டுக் கேக்கறேனுங்க. பசங்க என்னைய ஒரு மாதிரி பார்க்கறானுக. எனக்கு ஜமாப் மேளம்தானுங்க. கோயில் நோம்பில மேளக்காரங்க அடிக்க ஆரம்பிச்சா கால் நிக்காது. இந்தச் சட்டையும் உங்களுக்குப் புடிக்கும்னு எடுத்தது. ஊட்டுல பூப்போட்ட சட்டைதான் போடுவேன்."

"எனக்குச் சங்கீதம் புடிக்கும்னு யாரு சொன்னா?"

"உங்க மாமாதானுங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப. சங்கீதம், வெளிர்நீலம், பக்திப் புத்தகம்னு அவரு அடுக்குனாரு. நீங்களும் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தீங்க."

இளவேனிலுக்கு முகம் சூடேறியது. மாமா வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தார். வந்தவர்கள் முன்னால் அவரை எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. பிறகு போனில் திருத்தியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டபோதெல்லாம், மாமா சொன்னதையே அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் அவன் அதேதான் என்று தலையாட்டியதைக் குறை சொன்னவள், தலையாட்ட அவனுக்குக் கொடுத்தது யாருடைய விருப்பங்கள்?

"எனக்குச் சங்கீதம்னா தூக்கம் வந்துருங்க" என்றாள். "படிக்கறது முழுக்கப் பேய்க் கதை. பலாப்பழத் தயிர் சாதம் சும்மா விட்டது."

திருமூர்த்தி அவளையே பார்த்தான். "அத எங்கம்மாகிட்டச் செய்யச் சொல்லித் தின்னேனுங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"எதுக்குங்க இந்தப் பாடு?"

"இதுக்கு முன்னால ஒரு எடத்துல, சினிமாத் தியேட்டர் எனக்கு ஆகாதுன்னு உள்ளதச் சொன்னேன். அந்தப் பொண்ணு வேண்டாம்னுட்டாங்க. இந்தத் தடவ எதக் கேட்டாலும் அதேதான்னு சொல்லுன்னு எங்க அக்கா சொல்லிப்போட்டாங்க. உங்கள உட்டுரக் கூடாதுன்னு இருந்துச்சுங்க."

இளவேனில் கேட்டைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த அன்னத்தை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வருகிறவர்களை எல்லாம் கொத்தப் போகிற முகம்.

"நெசமாச் சொல்றேன், எனக்கு இந்த அன்னம் புடிச்சிருக்குங்க. நம்ம வாசல்லயும் இப்படி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்."

"எனக்கும்..." என்று அவன் ஆரம்பித்தான். 'நம்ம' என்ற சொல் அப்போதுதான் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். சம்மதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதேதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அன்னத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"இல்லைங்க" என்றான். "எனக்குப் புடிக்கலைங்க. எந்த வாசல்ல வேணும்னாலும் இருக்கட்டும், நான் செய்யற கேட்டுல இது வராது."

அவளுடைய போன் ஒலித்தது. அப்பா.

"மாமன் லைன்ல இருக்கான் கண்ணு. என்ன சொல்லட்டும்?"

"வெள்ளிக்கிழமை பூ வைக்க வரச் சொல்லுங்கப்பா."

"ஆளப் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன்ப்பா."

போனைப் பையில் போட்டுவிட்டு அவள் திருமூர்த்தியின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கழுத்து மட்டும் கொஞ்சம் நேரா இருந்தா?" என்றாள்.

"கழுத்து மட்டுமா? வயித்த என்ன செய்வீங்க?" என்று அவன் மறுபடி கேட்டை நோக்கிக் கை நீட்டினான்.